வேணும் மந்திரம்

வால, இரி. அந்த வலைக்குவியல் மேல இல்ல, ஊசி கெடக்கு. குத்துச்சுன்னா ஒன் அம்மா என்னையத்தான் ஏசுவா. இந்தக் கல்லுல இரி.

ஞாயித்துக்கிழமை மறைக்கல்வி எடுக்க ஒன்னையப் போட்டிருக்காவளாமே? ஆச்சி சொன்னா. சந்தோசம். ஒரே ஒரு சந்தேகந்தான் எனக்கு. போன மாசம் வரைக்கும் பிரசங்கம் தொடங்குனதும் எழும்பி வந்து பூவரச மரத்தடியில வண்டி மேல சாஞ்சு நின்னானே ஒருத்தன், அது நீதானா, இல்ல ஒன் சாடையில வேற எவனுமா? கோவப்படாத. நம்ம கோயிலுக்கு வாசல் மூணு, மரத்தடி நாலாவது. வாலிபப் பிள்ளைய எல்லாம் அந்த நாலாவது வாசல் வழியாத்தான் மோட்சத்துக்குப் போப்போறியன்னு நெனைக்கேன். இத்தன வருசமா அந்த மரம் கேட்ட பிரசங்கத்துக்கு அதுக்கு ரோமாபுரியில இருந்து புனிதர் பட்டமே வந்திருக்கணும்.

என்ன பொஸ்தகம் வச்சு நடத்தப் போற? செல்லுல காட்டுத. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 1992ல வந்தது, எண் போட்டு 2865 பத்தி. நல்லது. இந்தா கேளு, நம்ம புன்னைக்காயல்ல இருந்த அண்டிரிக் சாமி 1578ல கொல்லத்துல ஒரு மறைக்கல்வி அச்சடிச்சாரு. தம்பிரான் வணக்கம்ன்னு பேரு. இந்தியாவுல தமிழ் எழுத்துல அச்சான மொதப் பொஸ்தகமே அதுதான். மொத்தம் 16 பக்கம். அந்தப் பதினாறுல நம்மாளுவ இன்னும் மூணாம் பக்கம் தாண்டல. நீ 2865ஐத் தூக்கிட்டு வாற. பிள்ளைய பாவம்.

விசுவாச மந்திரத்துல இருந்து தொடங்கு. அதுலயும் ஒரு கதை இருக்கு, சொல்லுதேன். ஏட்டி, பேரன் வந்திருக்கான், ஒரு சாயாத்தண்ணி வையி!

சவேரியார் 1542ல கோவாவுல எறங்கி, அந்த வருசமே நம்ம கரைக்கு வந்துட்டாரு. அதுக்கு அஞ்சாறு வருசம் முன்னாலேயே நம்ம பாட்டன்மாருக்குத் தண்ணி ஊத்தியாச்சு. ஊத்துனவிய ஊத்திட்டுப் போய்ட்டாவ, சொல்லிக்குடுக்க ஆளில்ல. இவரு பேசுறதோ பாஸ்கு பாஷை. நம்ம ஆளுவ பேசுறது தமிழு. நடுவுல போர்த்துக்கீசு. ரெண்டும் தெரிஞ்ச ஆளுவளைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு, மாசக்கணக்கா மல்லுக்கட்டி, செபங்களைத் தமிழாக்கி, நெட்டுருப் போட்டு, கையில மணிய ஆட்டிக்கிட்டுத் தெருத்தெருவாப் போயி பிள்ளையளைக் கூட்டிச் சொல்லிக் குடுத்தாரு. பிள்ளைய வீட்டுக்குப் போயி அப்பன் ஆத்தாளுக்குச் சொல்லிக் குடுத்துச்சு. அவரு மறைக்கல்வி அப்படித்தான் நடந்துச்சு. செல்லு இல்ல.

ஆனா மொழிபெயர்ப்புல ஒரு தப்பு நடந்து போச்சு. எந்தப் புண்ணியவானோ "விசுவசிக்கிறேன்"ன்னு வரவேண்டிய எடத்துல "வேணும்"ன்னு சொல்லிக் குடுத்துட்டான். கரை பூராவும், கிழவன் கிழவியில இருந்து பொடிசு வரைக்கும், கையக் கூப்பிக்கிட்டு, கடவுள் எனக்கு வேணும், சேசு எனக்கு வேணும்ன்னு விசுவாச மந்திரம் சொல்லிக்கிட்டு இருந்திருக்காவ. பொறவு அவருக்கே பொறி தட்டிருக்கு. 1544 வாக்குல, கூட வேலை பாத்த மான்சிலாஸுக்குக் கடுதாசி எழுதுதாரு: அந்த "வேணும்"ங்கிறதை எடுத்துரு, "விசுவாசம்"ங்கிற சொல்லைப் போடு, மொதச் சொல்லுக்கு ஆசைப்படுதேன்னுல்லா அர்த்தம் வருதுன்னு. கதை இல்லல, அவரு கடுதாசி இன்னைக்கும் இருக்கு.

மனுசன் கடுதாசி போட்டுத் திருத்திட்டாரு. நானூத்தி எம்பது வருசம் ஆச்சு. வாய் திருந்திட்டு. மத்தது?

செவ்வாக்கிழமை அந்தோணியார் நவநாளுக்குப் போறால்லா ஒன் ஆச்சி. உப்பும் மொளகும் பொட்டணம் கட்டிக்கிட்டுப் போவா, கூட ஒரு விண்ணப்பச் சீட்டும். அவளுக்கு எழுத வராது, எழுதிக் குடுக்கிறது நான். நீ காலேஜ் முடிச்ச வருசம் சொன்னா, நான் எழுதுனேன். பேரனுக்கு வேலை வேணும். சம்பளம் இவ்வளவுக்குக் குறையாம வேணும், தொகையும் சொன்னா, அது கெடக்கட்டும். மருமவளுக்கு முழங்கால் வலி போணும். எதுத்த வீட்டு ஆடு நம்ம முருங்கையத் திங்காம இருக்கணும். எல்லாம் எழுதி முடிச்சிட்டு, "கடைசியில, எதுவானாலும் உம்ம சித்தம்ன்னு ஒரு வரி போட்டுரட்டா?"ன்னு கேட்டேன். "வேண்டாம்யா, அதைப் போட்டா காரியம் கெட்டுப்போவும்"ன்னுட்டா.

சிரிக்காத. ஆச்சி மனசுல உள்ளதை ஒளிக்காமச் சொல்லிட்டா. நீயும் நானும் அந்தக் கடைசி வரிய வாயால சொல்லிக்கிட்டே மனசுல அடிக்கோம். கேக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. பிள்ளை அப்பன்கிட்டதான் கேக்கும். ஆனா கேக்கிறதோட சரின்னா அது அப்பன் இல்ல, ரேசன் கடை.

வெள்ளிக்கிழமை வந்துட்டா இன்னொரு கூத்து. தவக்காலத்துல சுத்தபோசனம், பதினாலு வயசு முடிஞ்சவனுக்கு இறைச்சி கூடாது. நம்ம ஆளுவ அதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது. இறைச்சி பக்கமே போவமாட்டாவ. சீலா மீன் துண்டு போட்டு, மாங்கா அரிஞ்சு போட்டு, தேங்கா அரைச்ச குழம்பு வச்சு, ரெண்டு துண்டு பொரிச்சும் வச்சு, பக்தியா ஒறுத்தல் பண்ணுவாவ. மீன் இறைச்சி இல்லன்னு திருச்சபை சொல்லிருக்குல்லா. கோழிக்கறியே கண்டிராத கரைக்காரனுக்கு அந்தச் சட்டம் கெடச்ச பாக்கியத்தைப் பாத்தியா? நீ நெசமா ஒறுக்கணும்ன்னா வெள்ளிக்கிழமை மீனை விட்டுட்டு அவரைக்காய் தின்னு பாரு. பிள்ளையளுக்கும் இதைச் சொல்லு, ஒத்தப்பிள்ளை அடுத்த வாரம் வகுப்புக்கு வராது.

சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி, அது பதினெட்டுல இருந்து அறுவது தொடங்குற வரைக்கும். எனக்கு விடுதலை கெடச்சு வருசம் பதினெட்டுக்கு மேல ஆச்சு. ஆச்சிதான் அந்தச் சட்டத்தை இன்னும் ஏத்துக்கல. பெரிய வெள்ளிக்கிழமை சமையக்கட்டுக்குப் பூட்டு.

சரி, நீ கேக்க வந்ததுக்கு வாறேன். மெட்ராஸ்ல கூட வேலை பாத்த பையன்மாரு கேள்வி கேட்டு மடக்கிட்டானுவ, அதான் இங்கன வந்து படிக்க ஆரம்பிச்சன்னு சொன்ன. கேக்கட்டும். பேதுரு எழுதிருக்காரு, அவரும் நம்மள மாதிரி வலைக்காரருதான்: ஒன் நம்பிக்கைக்குக் காரணம் என்னன்னு எவன் கேட்டாலும் பதில் சொல்ல ரெடியா இரு, ஆனா சாந்தமாச் சொல்லு, மரியாதையாச் சொல்லு. நம்மாளுவ மொதப் பாதிய மட்டும் படிச்சிட்டு வேட்டிய மடிச்சுக் கட்டிருவானுவ. அதே பேதுருதான் ஒருத்தன் காதையும் வெட்டுனாரு. அதுக்குப் பொறவு எழுதுன கடுதாசி இது. பட்டு வந்த புத்தி.

மாதாவுக்கு ஏன் சேலை சாத்துதியன்னு கேக்கானா? எங்க வீட்டுப் பெரியவியளுக்கு எடுத்துக் குடுக்கோம்ன்னு சொல்லு. ஆராதனை ஆண்டவருக்கு, மாதாவுக்கு வணக்கம். படத்துக்குச் செய்யிற மரியாதை படத்துல இருக்கவியளுக்குப் போயிச் சேரும்ன்னு 787லயே நிசேயாவுல ஆயருமாரு கூடித் தீத்து வச்சாச்சு. அதுக்கு மேல இதுல பேச ஒண்ணும் இல்ல.

கஷ்டமான கேள்வி வேற. அதை அவன் கேட்டானான்னு தெரியாது, கேட்டா முழிக்காத. வேதத்துக்கு வந்த பொறவும் ஒங்கள்ள ஏன் சாதின்னு கேட்டா?

தேவசகாயம் பிள்ளைய ஒனக்குத் தெரியும். 2022 மே 15ல புனிதராக்குனாவளே. சாமியாரும் இல்ல, மடத்துல இருந்தவரும் இல்ல. பொண்டாட்டி உள்ள மனுசன், அரண்மனை உத்தியோகம். இந்தியாவுல இருந்து புனிதரான மொதப் பொதுநிலைக்காரரு. 1745ல ஞானஸ்நானம் வாங்குனாரு. உத்தியோகம் பாத்த மனுசன், தாழ்ந்த சாதின்னு தள்ளி வச்சவியளோட சரிசமமாப் பழகுனாரு. 1752ல ஆரல்வாய்மொழிப் பக்கம் காத்தாடிமலையில சுட்டுக் கொன்னாவ. அவரு ஞானஸ்நானம் வாங்குன ஊரு எது? வடக்கன்குளம். அதே வடக்கன்குளத்துல பின்னால ஒரு கோயில் கட்டுனாவ. ஒரே பீடம். கால்சட்டை மாதிரி ரெண்டு கால். இந்தக் கால்ல இந்தச் சாதி, அந்தக் கால்ல அந்தச் சாதி, நடுவுல சுவரு. 1910 வாக்குல கௌசானல் சாமி அந்தச் சுவரை இடிக்க, கேசு கோர்ட்டு வரைக்கும் போச்சு.

இதுக்கு எங்கிட்ட பதில் இல்ல பேரா. அந்தச் சுவரு இப்ப இல்ல. சில ஊர்ல கல்லறைத் தோட்டத்துல இன்னும் இருக்கு. கேக்கிறவன்கிட்ட, ஆமாம், வெக்கந்தான்னு சொல்லு. தேவசகாயத்தையும் சொல்லு, சுவத்தையும் சொல்லு. ஒண்ணை மட்டும் சொன்னா நீயும் மொழிபெயர்ப்புல தப்பு பண்ணுத.

சாயாவக் குடி, ஆறுது.

பாவசங்கீர்த்தனம் ஏன்னு கேட்டான்லா? இப்ப ஒப்புரவு அருட்சாதனம்ன்னு பேரு. பூசை திருப்பலி ஆச்சு, அர்ச்சியசிஷ்டர் புனிதர் ஆனாரு, இது ஒப்புரவு ஆச்சு. பேரு மாறிட்டு, வரிசைதான் நீளல. சாமியாரும் மனுசந்தான, நேராக் கடவுள்கிட்ட சொன்னா என்னன்னு கேக்கானா?

நானும் நேராத்தான் சொல்லிப் பாத்தேன். அப்போ கட்டுமரத்துல மூணு பேரு போவோம். நானு, ஒன் சின்னத்தாத்தா முறையுள்ள என் மச்சான் ஒருத்தன், இன்னொருத்தன் செத்துப் போய்ட்டான். மரத்துப் பங்கு போக மீதி மூணு சமபங்கு. ஒருநாள் விடியக்காலம், ரெண்டு பேரும் அசந்திருந்த நேரத்துல ஆறு சீலாவைத் தனியா என் பறியில தள்ளி, மேல நனைஞ்ச வலையப் போட்டு மூடிட்டேன். வீட்டுல அன்னைக்கி என்ன முடை, அது எதுக்கு, முடை எல்லார் வீட்டுலயும் இருந்துச்சு. பொறவு ராத்திரி மரத்துல மல்லாந்து படுத்து, நட்சத்திரத்தைப் பாத்துக்கிட்டு நேராக் கடவுள்கிட்டயே சொன்னேன். ரொம்பத் தயவாப் பேசுனாரு. "நீ என்ன பணக்காரனா, பிள்ளையளுக்காகத்தான செஞ்ச, விடு"ன்னாரு. பத்துத் தடவை சொன்னேன், பத்துத் தடவையும் அதே பதில். கொஞ்ச நாள் கழிச்சுத்தான் கவனிச்சேன், அவரு கொரலு அப்படியே எங்கொரலு மாதிரி இருந்துச்சு.

தவக்காலத் தியானத்துக்கு வெளியூர்ச் சாமி ஒருத்தர் வந்தாரு. வெளியூர்ச் சாமின்னா வரிசை வாசல் தாண்டும், ஒனக்குத் தெரியாதா. நம்ம பங்குச்சாமிக்கு நம்ம கொரலு தெரியும்லா. நானும் போயி நின்னேன். முழங்கால் போட்டு, மெள்ள, ஆறு சீலா எடுத்துட்டேன் சாமின்னேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்ன்னு எவனும் சொல்லல. "எத்தன?"ன்னாரு. கடல்ல மரத்துக்கு மரம் கூப்புடுவோம்லா, அந்தச் சத்தம். "ஆறு." "ஆறு என்னது?" "சீலா, சாமி." "கூட வந்தவியளுக்குத் தெரியுமா?" எனக்கு வேர்த்து ஊத்துது. நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு அஞ்சு காரியம்ன்னு படிச்சிருப்ப. ஆத்துமசோதனை, மனஸ்தாபம், இனி செய்யமாட்டேன்னு பிரதிக்கினை, பாவத்தைச் சொல்லுறது, அபராதம் தீக்குறது. மொத நாலையும் நம்மாளுவ சிரிச்சிக்கிட்டே செஞ்சிருவாவ. அவரு அஞ்சாவதுக்கு வந்துட்டாரு. எடுத்ததைத் திருப்பிக் குடுக்கணும், அதோட அம்பத்து மூணு மணி செபமாலை ஒண்ணு. எழும்பித் திரும்புதேன். வரிசையில எனக்கு அடுத்தாப்புல, கையக் கட்டிக்கிட்டு, மேல கூரையப் பாத்துக்கிட்டு நிக்கான் என் மச்சான்.

செபமாலைய அன்னைக்கே சொல்லிட்டேன். மத்ததுக்குப் பெரிய வெள்ளி மூணு போச்சு.

அந்த மூணு வருசமும் அவன் வாயத் தொறக்கல. ஊர்ல ஒருத்தருக்கும் தெரியல. அவன் பொண்டாட்டிக்கே தெரியல, தெரிஞ்சிருந்தா அவ நம்ம வீட்டு வாசல்ல நின்னு ஏசிருப்பா. நான்தான் வேற மரத்துக்கு மாறிட்டேன், எடுப்புச் சரியில்லன்னு ஒரு சாக்குச் சொல்லி. பூசையில சமாதானம் சொல்லிக்கிடுங்கன்னு சாமி சொல்லும்போது எனக்கும் அவனுக்கும் நடுவுல ஒரு தூணு வாற மாதிரி எடம் பாத்து நிப்பேன். மூணு வருசம் அந்தத் தூணுக்குச் சமாதானம் சொன்னேன். நான் சொன்ன சமாதானத்துல அது இன்னைக்கும் அசையாம நிக்கி.

ஒருநாள் பொறுக்கமாட்டாம நம்ம பங்குச்சாமிகிட்டயே, பொதுவாக் கேக்குற மாதிரி கேட்டேன்: பாவசங்கீர்த்தனத்துல சொன்னது அடுத்தவன் காதுல விழுந்துட்டா என்ன சாமி? அவரு சொன்னாரு, ரகசியம் சாமியாருக்கு மட்டும் இல்லய்யா, தற்செயலாக் கேட்டவனும் அதைக் காக்கணும், திருச்சபைச் சட்டம்ன்னு. என் மச்சான் மூணாங்கிளாசு. சட்டப் பொஸ்தகத்தைக் கண்ணால கண்டிருக்க மாட்டான்.

அன்னைக்கி ராத்திரி அந்தக் காலத்து வெலைக்கு ஆறு சீலாவுக்கும் சேத்து 300 ரூவா, மூணு நோட்டு, மடியில கட்டிக்கிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். திண்ணையில பீடி இழுத்துக்கிட்டு இருந்தான். "பழைய கணக்கு ஒண்ணு"ன்னு நீட்டுனேன். என்ன கணக்குன்னு கேப்பான், ஏதாவது பொய் சொல்லலாம்ன்னு ஒண்ணு தயார் பண்ணி வச்சிருந்தேன். கேக்கல. வாங்குனான். ஒரு நோட்டை மடியில வச்சான். மவளைக் கூப்பிட்டு, செத்துப்போனானே எங்கூட்டாளி, அவன் பொண்டாட்டி பேரச் சொல்லி, "இதை அந்தச் சித்திகிட்ட குடுத்துட்டு வா"ன்னு ரெண்டாவதை அனுப்புனான். மூணாவது நோட்டை எங்கையில திருப்பி வச்சான்.

"ஒம் பங்கு"ன்னான்.

அம்புட்டுதான். பொறவு பீடிக்கட்டை எம்பக்கம் தள்ளிட்டு, வாடைக்காத்து எப்ப நிக்குமோன்னு பேச ஆரம்பிச்சிட்டான்.

அந்த மெட்ராஸ் பையனுக்கு இதைச் சொல்லு. பேரு ஊரு சொல்லாத. சீலாவ வேணும்ன்னா நெத்திலின்னு மாத்திக்க, கொஞ்சம் மானம் மிஞ்சும்.

சவேரியாரு அந்தக் கடுதாசியில இன்னொரு திருத்தமும் சொல்லிருக்காரு, அதைச் சொல்ல மறந்துட்டேன். சேசு பாடுபட்டதைச் சொல்லுற எடத்துல "வன்பினாலே"ன்னு ஒரு சொல்லு நுழைஞ்சிருந்திருக்கு. கட்டாயத்தாலன்னு அர்த்தம். அதையும் எடுத்துரு, அவரு மனசு வச்சுத்தான் செத்தாரு, யாரும் இழுத்துட்டுப் போயி இல்லன்னு எழுதுதாரு. இதை ஏன் ஒனக்குச் சொல்லுதேன்னா, மறைக்கல்விக்குன்னு ரெஜிஸ்தர் நோட்டு வாங்கிருக்கியாம், வராத பிள்ளைக்கு அஞ்சு ரூவா அபராதம், வந்த பிள்ளைக்கு வருசக் கடைசியில எவர்சில்வர் டப்பான்னு அறிக்கை விட்டிருக்கியாம். டப்பா எத்தன லிட்டரு? பெருசுன்னா நானே வருவேன்.

இந்தா, மொத மணி அடிக்கான். பாரு, பிள்ளைய ஓடுதுவ. நீயும் ஓடு, மாஸ்டர் பிந்திப் போனா நல்லாருக்காது. அந்த நோட்டை எடுத்துக்க. செல்லை இங்கன வச்சிட்டுப் போ, 2865ஐயும் நான் காவல் காக்கேன்.

ஏல, நில்லு. போற வழியில பூவரசு மரத்தடியில ஒன் வண்டி நிக்கில்லா, அதைக் கொஞ்சம் தள்ளி நிறுத்து. சாமி இன்னைக்கி நீளமாப் பேசுவாராம். அந்த எடம் எனக்கு வேணும்.